குடிநோயினின்று மீள்வோர்க்குத் தக்க கூட்டம்

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புபவரின் கையில் மருந்துச் சீட்டு ஒன்று இருக்கும். எந்த மாத்திரையை எப்பொழுது உட்கொள்ளவேண்டும் என்பதை மருந்துக் கடைக்காரரே விளக்கிவிடுவார். ஆனால் அச்சீட்டின் அடியில் பல டாக்டர்கள் மற்றொரு வரியையும் எழுதுவதுண்டு: "ஏ.ஏ. கூட்டத்துக்குச் செல்லவும்" என்பதே அது. எந்தக் கூட்டம், எங்கே நடைபெறுகின்றது, எத்தனை முறை செல்லவேண்டும், அங்கே என்ன நேரும் என்பவற்றை விளக்குவார் எவருமில்லை. அவர் விசாரித்து ஏதோ ஒரு கூட்டத்துக்குச் செல்கின்றார். பேச்சு அவருக்குப் பழகாத மொழியில் நடக்கின்றது. அல்லது வந்திருப்போர் யாவரும் தம்மினும் வசதி மிக்கவராகத் தோன்றுகின்றனர். அல்லது கூட்டம் மாதா கோயில் அறையில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற ஐயம் எழுகின்றது. அவர் மறுமுறை செல்வதில்லை. இரண்டு மாதங்களுக்குப்பின் மீண்டும் குடிக்கத் தொடங்குகின்றார். "அந்தக் கூட்டத்துக்கும் போய்ப் பார்த்தாகிவிட்டது, பயனில்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர்.

இந்நிகழ்ச்சியில் நோயாளரையும் குறை கூறுவதற்கில்லை. கூட்டத்தாரையும் குறை கூறுவதற்கில்லை. ஒரே பெயரில் நடைபெறினும் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவன. தமக்குப் பொருந்துவதைத் தேடிக்கொள்ளவேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊர்ப்புறங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரும், சமூகநல ஊழியரும், பள்ளி ஆசிரியரும் இதனைச் சொல்லக்கூடிய இடத்தில் இருக்கின்றனர்.

இத்தேவை சிறிதன்று. மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியருள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் குடிக்கு அடிமையாகிச் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருப்போர் சுமார் 2.9 கோடி என்றும் அது மதிப்பிட்டது. அடிமைப்பட்டோருள் 38 பேருக்கு ஒருவரே எவ்வகையான உதவியையேனும் பெற்றதாகக் கூறினார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. கட்டணமின்றி நடைபெறும் கூட்டம் ஒன்றின் மதிப்பு இவ்வெண்களைக் கொண்டு விளங்கும்.

முதலில் உடல்

கூட்டத்தைத் தேடுமுன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே அபாயம் நேரலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, இல்லாத உருவங்களைக் காண்பதும், இடமும் காலமும் அறியாமல் பிதற்றுவதும், காய்ச்சலும் சேர்ந்து வரலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என டாக்டர்கள் குறிப்பிடும் இந்நிலை, தக்க சிகிச்சையின்றேல் மரணத்தில் முடியக்கூடும். இதனைப் பேய் பிடித்ததாகக் கருதி அறையில் அடைத்துவைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. முன்னர் வலிப்பு வந்தவரையும், காலையில் எழுந்தவுடன் குடித்தாலன்றிக் கை நடுக்கம் தீராதவரையும் கூட்டத்துக்கு அனுப்புமுன் டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தயமின் என்னும் வைட்டமினும், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் கொடுத்துச் சில நாட்களில் இக்கட்டத்தைப் பத்திரமாகக் கடக்கச் செய்வது ஆஸ்பத்திரிக்கு இயலும். கூட்டத்தால் அது இயலாது.

ஒருவர் எந்நிலையில் இருக்கின்றார் என்பதை ஓரளவு அறிய உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த ஆடிட் என்னும் வினாத்தாள் ஊழியருக்குத் துணைபுரியும். பத்து வினாக்களுக்கு மொத்தம் 40 மதிப்பெண்கள். 8 அல்லது அதற்கு மேற்பட்டால் குடி தீங்கு பயக்கத் தொடங்கிவிட்டது எனலாம். 20 அல்லது அதற்கு மேற்பட்டால் அடிமைத்தனம் இருக்கக்கூடுமாதலின் டாக்டரின் பரிசோதனை தேவை.

கூட்டங்களின் தோற்றம்

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரத்துப் பங்குத் தரகர் வில்லியம் வில்சன் என்பவர் வியாபார நிமித்தமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குச் சென்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபாரம் தோல்வியுற்றது. தங்கியிருந்த ஹோட்டலின் ஒரு கோடியில் மதுக்கூடம். மறு கோடியில் டெலிபோன். மற்றொரு குடியரிடம் பேசினால்தான் தாம் தப்பமுடியும் என்று உணர்ந்த அவர், பாதிரியார் ஒருவருக்கு டெலிபோன் செய்து, அவ்வழியே ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவைச் சிகிச்சை டாக்டரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்த டாக்டர் பல மணி நேரம் அமர்ந்து பேசினார். இதுவரை தமக்கு அறிவுரை கூறியவர் பலர். தம் நோயைத் தாமும் அனுபவித்தவர் ஒருவர் தம் கதையைக் கூறக் கேட்டது அதுவே முதல் முறை. அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்பர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாக் குடிநோயர் கூட்டுறவு, அந்நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றது. அதன் பெயரைச் சுருக்கி ஏ.ஏ. என வழங்குவர்.

இவ்வரலாற்றில் ஊழியர் நினைவிற்கொள்ளவேண்டிய கூறு ஒன்றுண்டு. வில்சன் டெலிபோனை நாடியது டாக்டரைக் காப்பாற்றும் பொருட்டன்று, தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே. கூட்டத்துக்குப் புதிதாக வருபவர், தாம் பிறர்க்குப் பாரமாக வந்திருப்பதாக எண்ணிக் கூசுவார். உண்மையில் பத்து ஆண்டுகளாகக் குடிக்காதிருப்பவருக்கும் அப்புதியவர் தேவைப்படுகின்றார்.

இந்தியாவில் இக்கூட்டங்கள் 1957ஆம் ஆண்டில் பம்பாயில் வேரூன்றின. அப்பொழுது பம்பாய் மாகாணத்தில் முழு மதுவிலக்கு நடப்பிலிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மதுக்கடையை மூடுவதால் புதிதாகக் குடிப்பவர் தொகை குறையலாம். ஏற்கெனவே நோயுற்றவர்க்குத் தனி உதவி வேண்டியிருந்தது. இன்று இக்கூட்டுறவின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் உள்ளது. பெரிய நகரங்களில் வட்டார அலுவலகங்கள் இருக்கின்றன. அந்நகரத்தில் எந்த நாளில் எந்த மொழியில் எங்கே கூட்டம் நடைபெறுகின்றது என்ற பட்டியலை அவற்றில் பெறலாம்.

இம்முறையால் பயனுண்டா என்ற வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடையில்லை. 2020ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்குச் செல்லுமாறு முறைப்படி வழிகாட்டப்பட்டோருள் ஓராண்டின் முடிவில் முற்றும் குடிக்காதிருந்தவர் நூற்றுக்கு 42 பேர். மனப்பயிற்சி முதலிய ஏனைய சிகிச்சைகளைப் பெற்றோருள் 35 பேர். இவ்வாராய்ச்சிகளுள் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும், 42 என்னும் எண்ணிற்குள் 58 பேர் வழுக்கி விழுந்த செய்தியும் அடங்கியுள்ளது என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் "கூட்டத்துக்குப் போனால் நிச்சயம் குணமாகும்" என்று எந்த ஊழியரும் உறுதி கூறலாகாது. பயன் விளைவதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட காரணங்களுள் முதன்மையானது, குடிப்போர் நட்பு குறைந்து குடிக்காதோர் நட்பு வளர்வதே. கூட்டம் அவருக்குப் பொருந்தவேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனாலேயே. எவரோடு நட்புக் கொள்ள இயலாதோ அவர்களிடையே அமர்ந்திருப்பதால் நண்பர் வட்டம் மாறாது.

உள்ளே நடப்பது

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடைபெறும். பள்ளி அறை, மாதா கோயில் கூடம், ஆஸ்பத்திரியின் ஒரு பகுதி என எளிய இடமே அமையும். தலைமை வகிப்பவர் அன்றைக்கு மட்டுமே தலைவர். சிறிது மௌனம், ஒரு சிறு பிரார்த்தனை, சங்கத்தின் நோக்கத்தைக் கூறும் முகவுரை ஆகியவற்றுக்குப்பின் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவர். பேசுபவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லித் தாம் குடிநோயர் என்று தொடங்குவார். தாம் எவ்வாறு இருந்தார், என்ன நேர்ந்தது, இப்பொழுது எவ்வாறு இருக்கின்றார் என்பதே பேச்சின் பொருள். குறுக்கே எவரும் பேசுவதில்லை; அறிவுரை கூறுவதில்லை; பேச விரும்பாதவர் "இன்று கேட்க மட்டுமே வந்தேன்" என்று சொல்லிவிடலாம். இறுதியில் ஒரு பை சுற்றிவரும். விரும்பியவர் விரும்பியதை இடுவர். முதன்முறை வந்தவர் ஒன்றும் இடவேண்டுவதில்லை. சந்தாவும் கட்டணமும் இல்லை. வெளியார் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதுமில்லை.

கூட்டம் முடிந்தபின் தேநீர் தருவதுண்டு. இதனைச் சிறு விஷயமாக எண்ணலாகாது. புதியவர் பேசத் தொடங்குவது பெரும்பாலும் தேநீர் வேளையிலேதான். கூட்டம் முடிந்தவுடன் எழுந்து ஓடிவிடுபவருக்குப் பாதிப் பயனே கிட்டும்.

கூட்டங்கள் இருவகைப்படும். திறந்த கூட்டத்துக்கு எவரும் வரலாம்: மனைவி, சகோதரர், ஆசிரியர், சுகாதார ஊழியர், மாணவர் ஆகிய யாவரும் அமர்ந்து கேட்கலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்தும் விருப்பமுள்ளவர்க்கு மட்டுமே உரியது. இவ்வேறுபாட்டை அறியாமல் கணவரோடு மூடிய கூட்டத்துக்கு வந்து வாயிலில் நிறுத்தப்பட்ட மனைவியர் மனம் புண்பட்டுத் திரும்புவதுண்டு. எந்த நாள் எவ்வகைக் கூட்டம் என்பதை முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்வதால் இத்துன்பம் நீங்கும். இவற்றுள்ளும் சில பிரிவுகள் உண்டு. ஒருவர் தம் வரலாற்றை விரிவாகக் கூறும் கூட்டம் புதியவருக்கு எளிது. பன்னிரண்டு படிகள் எனப்படும் நெறிகளை ஒவ்வொன்றாக எடுத்து விவாதிக்கும் கூட்டமும், 1939ஆம் ஆண்டில் வெளிவந்த சங்கத்தின் மூல நூலைப் படிக்கும் கூட்டமும் சில வாரங்கள் கழித்துச் செல்லத்தக்கவை.

பிறருக்கு வழிகாட்டுமுன் ஊழியர் ஒருமுறை திறந்த கூட்டத்தில் அமர்ந்து கேட்டுவிடுவது மிக நன்று. பத்துத் துண்டுப் பிரசுரங்கள் தெரிவிக்காததை அந்த ஒரு மணி நேரம் தெரிவிக்கும்.

பொருத்தம் பார்த்தல்

பொருத்தங்களுள் தலையாயது மொழி. மும்பை, டெல்லி, பெங்களூர் போன்ற நகரங்களில் ஆங்கிலக் கூட்டங்களும் உள்ளூர் மொழிக் கூட்டங்களும் தனித்தனியே நடைபெறுகின்றன. ஒருவர் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுபவராக இருக்கலாம். ஆனால் தம் தாயிடம் பொய் சொன்னதையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்தழித்ததையும் எந்த மொழியில் சொல்ல அவருக்கு நா எழுமோ அம்மொழிக் கூட்டமே அவருக்கு ஏற்றது. பிற மாநிலத்தில் வேலை செய்யும் தொழிலாளர் விஷயத்தில் இதனைக் குறிப்பாகக் கேட்டறியவேண்டும்.

அடுத்தது நேரமும் தூரமும். அவர் வழக்கமாகக் குடிக்கும் வேளை எதுவோ அந்த வேளையில் நடக்கும் கூட்டம் இருமடங்கு பயனுடையது. மாலை ஏழு மணிக்குக் கடைக்குச் செல்பவர் காலைக் கூட்டத்துக்குச் சென்றுவந்தாலும் ஏழு மணி அப்படியே எதிரே நிற்கும். சம்பள நாளும் சந்தை நாளும் இவ்வாறே கருதத்தக்கவை. இரண்டு பஸ் மாறிச் செல்லவேண்டிய சிறந்த கூட்டத்தைக் காட்டிலும் நடந்து செல்லும் தூரத்திலுள்ள சுமாரான கூட்டம் நிலைக்கும். எனினும் அக்கம்பக்கத்தார் காண்பர் என்ற அச்சம் மிகுந்தவருக்கு முதல் சில வாரங்களுக்கு அடுத்த பேட்டைக் கூட்டமே ஏற்றதாகும். பீகார், குஜராத் போன்ற மதுவிலக்கு மாநிலங்களில், குடித்தேன் என்று பலர் முன் ஒப்புக்கொண்டால் போலீசார் வருவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அங்கே கேட்டது அங்கேயே நிற்கவேண்டும் என்பது இக்கூட்டங்களின் மரபு என்பதை அத்தகையோருக்குப் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

மதம் பற்றிய ஐயம் அடிக்கடி எழுவது. இச்சங்கம் ஒரு கிறிஸ்தவப் பிரார்த்தனை இயக்கத்தின் சூழலில் தோன்றியது உண்மையே. பன்னிரண்டு படிகளில் கடவுள் என்னும் சொல் வருவதும் உண்மையே. ஆயினும் ஒவ்வொருவரும் தாம் உணர்ந்தவாறு அச்சொல்லுக்குப் பொருள் கொள்ள அப்படிகளே இடந்தருகின்றன. எந்த மதத்தோடும் கட்சியோடும் சங்கத்துக்குத் தொடர்பில்லை. இடவாடகை குறைவு என்ற காரணத்தாலேயே பல கூட்டங்கள் கோயில் கூடங்களிலும் பள்ளிகளிலும் நடைபெறுகின்றன. அப்படியும் மனம் ஒப்பாத பகுத்தறிவாளரைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்மார்ட் ரெகவரி போன்ற, கடவுள் பேச்சில்லாத குழுக்களும் உண்டு. அவை இந்தியாவில் அரியவையாதலின் டெலிபோன், கம்ப்யூட்டர் வழியே நடைபெறும் கூட்டங்களை நாடவேண்டி வரும்.

பெண்கள் நிலை தனியே கருதத்தக்கது. நம் நாட்டில் குடிநோயுற்ற ஆண் பரிகாசத்துக்கு உள்ளாகின்றார். பெண்ணோ வீட்டைவிட்டே விலக்கப்படும் அபாயத்துக்கு உள்ளாகின்றாள். இருபது ஆடவர் அமர்ந்துள்ள அறையில் ஒரு பெண் தனியே சென்று வாய்திறப்பது எளிதன்று. பெருநகரங்கள் சிலவற்றில் பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் உள்ளன. அவை இல்லாத இடத்தில், ஏற்கெனவே பெண் அங்கத்தினர் வரும் கூட்டம் எது என்று வட்டார அலுவலகத்தில் கேட்டு, அவரை முன்னரே சந்திக்க ஏற்பாடு செய்யலாம். புதியவருக்கு வழித்துணையாகும் அங்கத்தினரை ஸ்பான்சர் என்பர். பெண்ணுக்குப் பெண்ணே ஸ்பான்சராக இருத்தல் வழக்கம். இவ்வழக்கத்தை மீறும்படி எவரேனும் கூறினால் அக்கூட்டத்தை விட்டு வேறிடம் செல்வதே நன்று. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்துக்குப்பின் கைபேசி வழிக் கூட்டங்கள் பெருகியது பெண்களுக்கும் தொலைவிலுள்ள கிராமத்தார்க்கும் பெரிய உதவியாயிற்று. ஒரே கைபேசியை வீடு முழுவதும் பயன்படுத்தும் குடும்பத்தில் இவ்வுதவியும் அரை உதவியே.

ஒரு கூட்டத்தைத் தவிர்க்கவேண்டும் என்பதற்குரிய அடையாளங்களும் உண்டு. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வது அவற்றுள் முதலாவது. மனநோய்க்கோ வலிப்புக்கோ உட்கொள்ளும் மாத்திரையையும் "போதை" என்று ஒதுக்கச் சொல்லும் அங்கத்தினர் சிலர் ஆங்காங்கே இருப்பர். அது அவருடைய சொந்தக் கருத்தே. அங்கத்தினர் டாக்டராக நடந்துகொள்ளலாகாது என்பதே சங்கத்தின் நிலை. பணம் கேட்பது, கடன் வாங்குவது, ஒருவர் சொன்னதை வெளியே பரப்புவது, ஒரே மனிதர் ஆண்டுக்கணக்கில் தலைமையை விடாதிருப்பது ஆகியவையும் நல்ல அடையாளங்கள் அல்ல. குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்க மருந்து தருவதாகக் கூறும் விளம்பரங்களை இவ்விடத்தில் எச்சரித்தல் தகும். டைசல்ஃபிராம் என்னும் மருந்தை உட்கொண்டவர் மதுவருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் உண்டாகி, இரத்த அழுத்தம் தாழ்ந்து மரணமும் நேரலாம். நோயாளரின் சம்மதத்தோடு டாக்டரின் மேற்பார்வையில் அது பயனுள்ள மருந்து. சாம்பாரில் கலந்தால் அது நஞ்சு.

இத்தனையும் பார்த்த பின்னும், ஒரே ஒரு முறை சென்று முடிவு செய்தல் கூடாது. ஒரே கூட்டம் ஒரு வாரம் களையிழந்தும் மறு வாரம் உயிரோடும் இருக்கும். வெவ்வேறு கூட்டங்களாக ஐந்தாறு முறையேனும் சென்று பார்க்குமாறு புதியவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். "பிடிக்காவிட்டால் வேறொன்று பார்க்கலாம்" என்று முன்கூட்டிக் கேட்டவர் முதல் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வார். அவற்றுள் ஒன்றில், தம் கதையையே வேறொருவர் வாயிலாகக் கேட்டது போன்ற உணர்ச்சி தோன்றுமானால், அதனையே சொந்தக் கூட்டமாகக் கொண்டு வாரந்தோறும் அதே நாற்காலியில் அமரலாம். வராத வாரத்தில் "ஏன் வரவில்லை?" என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார்.

வீட்டாரும் பிள்ளைகளும்

குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் அவர் வீட்டார் செல்வதற்குத் தடையில்லை. வில்சனின் மனைவி லோயிஸ் 1951ஆம் ஆண்டில் மற்றொரு பெண்மணியுடன் சேர்ந்து அமைத்த அல்-அனான் என்னும் குழு, குடும்பத்தார்க்கென்றே ஏற்பட்டது. கணவரைத் திருத்தும் வழியை அது கற்பிப்பதில்லை. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தாம் நிலைகுலையாமல் வாழும் வழியைப் பேசுகின்றது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957ஆம் ஆண்டில் தோன்றியது. ஆசிரியருக்கு இச்செய்தி முக்கியம். வகுப்பில் உறங்கும் பிள்ளை, சம்பள நாளுக்கு மறுநாள் வராத பிள்ளை, நண்பரை வீட்டுக்கு அழைக்க மறுக்கும் பிள்ளை ஆகியோரிடம் காரணத்தைப் பலர் முன் கேட்டல் கூடாது. வீட்டில் நடப்பது அதன் குற்றமன்று என்று தனியே ஒருமுறை சொல்லப்பட்ட பிள்ளை அந்த ஆசிரியரிடம் பின்னர்த் தானே வந்து பேசும்.

ஊழியர் செய்யத்தக்கதும் தகாததும்

அரசு ஊழியர் எதற்கும் பதிவேடு வைக்கப் பழகியவர். எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை பேர் வந்தனர் என்று மாத அறிக்கை கேட்கப்படும். ஏ.ஏ. கூட்டத்தில் வருகைப் பதிவேடு இல்லை. அங்கத்தினர் பட்டியலும் இல்லை. அங்கே சென்று பெயர்களைக் கேட்பது, புகைப்படம் எடுப்பது, விழிப்புணர்ச்சி விழாவில் மேடையேற்றி "இவர் குடியை விட்டவர்" என்று அறிமுகம் செய்வது யாவும் அக்கூட்டத்தை அழிக்கும் செயல்கள். தாம் எத்தனை பேருக்கு வழி சொன்னார் என்பதை மட்டுமே ஊழியர் எழுதிக்கொள்ளலாம்.

வழி சொல்வது என்றால் முகவரி எழுதிக் கொடுப்பதோடு முடிவதன்று. முதல் நாள் கூட்டத்தின் வாயிலைத் தாண்டுவதே மிகக் கடினம். வாயில்வரை வந்து திரும்பியவர் பலர். ஆகவே அக்கூட்டத்து அங்கத்தினர் ஒருவரை முன்னரே நோயாளரோடு பேசவைத்து, அவரே வந்து அழைத்துச் செல்லுமாறு ஏற்பாடு செய்யவேண்டும். இதனை அவர்கள் மகிழ்ச்சியுடன் செய்வர். கூட்டம் எங்குள்ளது என்பது தெரியாதபோது, சமூக நீதி அமைச்சகத்தின் உதவியால் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களிலும், மாவட்ட ஆஸ்பத்திரியின் போதைச் சிகிச்சைப் பிரிவிலும் விசாரிக்கலாம். பல மையங்களுக்குள்ளேயே வாரக் கூட்டம் நடக்கின்றது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. இதில் பல மொழிகளில் பேசலாம்.

நகரத்துக்கு வெகு தொலைவிலுள்ள கிராமத்துக்கு இவையெல்லாம் எட்டாமற் போகலாம். சென்னையைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், நோயாளரை நகரத்துக்கு அழைப்பதற்கு மாறாகத் தானே கிராமத்துக்குச் சென்று, 1989 முதல் காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்தியது. ஒரே ஊரார் ஒன்றாகச் சிகிச்சை பெற்று ஒன்றாகவே தம் தெருக்களுக்குத் திரும்புவதில், தனியே நகரம் சென்று வருபவருக்குக் கிட்டாத துணை இருக்கின்றது.

முகாம் நடத்த வசதியில்லாத இடத்திலும் கூட்டம் தொடங்க முடியும். குடியை விட விரும்பும் இருவர் அல்லது மூவர் ஒன்றுகூடினால் அதுவே ஒரு குழு என்பது ஏ.ஏ. மரபு. அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நிலையான நாள், நிலையான வேளை, ஒரு அறை, தேநீருக்குச் சிறிது பால் இவை போதும். அருகிலுள்ள நகரக் குழுவுக்கு எழுதினால், முதல் சில வாரங்களுக்கு அனுபவமுள்ள அங்கத்தினர் இருவர் வந்து உடனிருப்பர். தாய்மொழிப் பிரசுரங்களும் கொண்டுவருவர். தொடக்கத்தில் சில வாரம் ஒருவர் மட்டுமே வந்து விளக்கை ஏற்றி அமர்ந்திருந்துவிட்டுத் திரும்ப நேரும். அந்நாளிலும் அறையைத் திறந்துவைக்கவேண்டும். வருவதா வேண்டாவா என்று அடுத்த தெருவில் நின்று பார்ப்பவர் ஒருவர் இருக்கக்கூடும்.

அறைக்குப் பள்ளிக்கூடமே வசதியானது. நிர்வாகத்தின் சம்மதம் பெற்று, பிள்ளைகள் சென்றபின் கடைசி வகுப்பறையைத் தலைமையாசிரியர் அளிக்கலாம். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குச் சென்றுவிடவேண்டும். கூட்டத்தில் அமர்தலும், வந்தவர் யாரென்று ஜன்னல் வழியே நோக்குதலும் ஆகா. மறுநாள் காலை பெஞ்சுகள் பழையபடி வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.